துணிச்சுவரில் நாலு கதவு

சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. டென்ட் கொட்டகையில் படம் ஆரம்பித்து முதல் ரீல்கூட முடியவில்லை. கொஞ்சம் முன்னால்வரை அந்த நாற்காலியில் என் மகள் வசந்தா உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இப்போது தோல் மட்டும் இருந்தது. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண். வருஷங்கள் சில ஓடிவிட்டன. ஆனாலும் அந்தக் காலி நாற்காலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது. இந்த ஒரு பத்தியை எழுதுவதற்குள் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதற்கெல்லாம் காரணமானவர், சென்னை ராஜ்யத்திலும் ஆந்திர ராஜ்யத்திலும் சல்லடை போட்டுத் தேடினாலும் இரண்டாவது ஒருவர் கிடைக்காத மனிதர். துணிச்சுவருக்குத் தேக்குக் கதவு போட்டவர். பெயர் ஏதோ இருந்திருக்கும். புத்தூரில் எல்லோருக்கும் அவர் கதவுக்காரர்தான்.

ஊருக்கு வெளியே பொட்டலில் இருந்த டென்ட் கொட்டகையை அவர் நடத்திவந்தார். கூரையும் துணி, சுற்றுச்சுவரும் துணி. குனிந்து தூக்கினால் ஆடுகூட உள்ளே வந்துவிடும், வந்துமிருக்கிறது. அந்தத் துணிக்கு நடுவே நிலைப்படி, தாழ்ப்பாள், குமிழ் எல்லாம் வைத்து நாலு கதவுகள். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு, ஒன்று அவருக்கு. நாலாவது திரைக்குப் பின்னால் இருந்தது. அது எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும், தேவைப்படும்" என்பார்.

ஒரு ஆடி மாதம் காற்றில் சுவர்த்துணி மொத்தமும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பொட்டலில் நாலு கதவுகள் மட்டும் நின்றன. அன்றைக்கும் ஆட்டம் உண்டு என்று சொல்லிவிட்டார். நாலா பக்கமும் திறந்த வெளி. ஆனால் ஜனங்கள் வரிசையில் நின்று, கதவைத் தட்டி, அவர் திறந்த பிறகு குனிந்து உள்ளே போனார்கள். பக்கவாட்டில் நடந்துபோன ஒருவரை அவர் திரும்ப வரச்சொல்லிக் கதவு வழியாக அனுப்பினார். அந்த மனிதரும் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

இந்தக் கதவுப் பைத்தியம் அவருக்குப் புதுச்சேரியில் பிடித்தது. இளம் வயதில் அங்கே வெள்ளைக்காரத் துரைமார்களின் கிளப்பில் நாடகம் போடும்போது அரங்கத்துக்குப் பின்னால் நின்று கதவு திறந்து மூடுவது அவர் வேலை. எல்லாம் சிரிப்பு நாடகம். ஒரே கூடம், ஐந்து கதவு. புருஷன் ஒரு கதவில் நுழைவதற்குள் மனைவியைத் தேடி வந்தவன் இன்னொரு கதவில் வெளியேற வேண்டும், மாமியார் மூன்றாவதில் எட்டிப் பார்க்க வேண்டும். "உவ்ரே" என்றால் திற. "ஃபெர்மே" என்றால் மூடு. கதவுக்காரரின் பிரெஞ்சு அந்த இரண்டோடு முடிந்தது. அந்த நாடகங்களில் ஒன்றைக்கூட அவர் முன்னாலிருந்து பார்த்ததில்லை. மூச்சிரைக்க ஓடிவந்து வேர்வையைத் துடைத்துக்கொள்ளும் நடிகர்களைத்தான் பார்த்திருக்கிறார். சிரிப்பு மட்டும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்.

அதனால் சினிமாவையும் அவர் பின்னாலிருந்துதான் பார்ப்பார். திரைக்குப் பின்னால் ஒரு கீற்றுச் சார்ப்பு. அதில் ஒரு பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் தாலி கட்டுவான். அதுவும் கதவுக்காரர் அனுமதித்தால்தான். ஒரு தடவை ஒரு காதல் படத்தில் கடைசி ரீலையே ஓட்டாமல் 'வணக்கம்' போட்டுவிட்டார். ஜனங்கள் பெஞ்சைத் தட்டினார்கள்.

"யோவ், கல்யாணம் எங்கய்யா?"

"அந்த ரீல்ல கதவே இல்ல. எதுக்கு ஓட்டணும்?" என்றார்.

நான் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை, வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். பால்காரர் தாமதித்தால் மாடு முட்டியிருக்கும் என்று நினைப்பேன். தபால்காரர் சீக்கிரம் வந்தால் தந்தியோ என்று நினைப்பேன். இப்படிப்பட்ட எனக்கு ஓடிப்பிடித்து ஒளியும் காதல் படங்கள் பிடித்தன என்றால் நம்பமாட்டீர்கள். யோசித்துப் பார்த்தால் காரணம் உண்டு. நான் தினமும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும் பயங்களையெல்லாம் வேறு யாரோ எனக்காக ஓடி ஓடி அனுபவிக்கிறார்கள். வரக்கூடாதவர் வருகிறார், திறக்கக்கூடாத பெட்டி திறக்கிறது. ஆனால் ஒருவரும் சாகாமல் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். மாத்திரையைவிட நல்ல மருந்து.

அந்த வருஷம் அப்படி ஒரு படம் வாரக்கணக்கில் ஓடியது. நாயகன் பெண்ணின் வீட்டில் சமையல்காரன் வேஷம், அவள் அத்தை வீட்டில் வைத்தியன் வேஷம். இரண்டு வீடும் ஒரே மாடியில். வசந்தாவோடு சனிக்கிழமை தோறும் போனேன். இடைவேளை விளக்கு போட்டதும் கதவுக்காரர் நேராக என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்.

"டீச்சரம்மா, காதல் படத்துல காதல் எங்க இருக்குது தெரியுமா? தாழ்ப்பாள்ல இருக்குது."

"எனக்குத் தெரிந்து தாழ்ப்பாளில் துருதான் இருக்கிறது."

"சிரிக்காதீங்க. கதவு மூடினா ஜனம் மூச்சு விடுது. திறந்தா மூச்சைப் பிடிக்குது. இதைக் கண்டுபிடிச்சவன் பிரெஞ்சுக்காரன். இவங்க பாட்டும் கண்ணீரும் வெச்சு ரெண்டரை மணி நேரம் இழுக்கறதை அவன் ஒரு குமிழைத் திருப்பி முடிச்சிடுவான்."

"அவன் ஊரில் கூடத்துக்கு ஐந்து கதவு. நம் வீட்டில் வாசலில் நின்றால் கொல்லைப்புறத் துளசி தெரிகிறது. ஒளிந்துகொள்ள நெற்குதிர்தான் உண்டு. அதனால்தான் நம் படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மாடிப்படி வைத்த பங்களாவில் குடியிருக்கிறார்கள். அந்த வீட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் காதலிக்கிறார்கள் என்று எப்படி நம்புவது?"

"வீடு கெடக்கட்டும். ஓட்டம் சரியா இருக்குதா இல்லியா?"

"ஓட்டம் சரி. ஓடுகிறவன் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்தானா? அவளுக்குப் பதில் அவள் தங்கையை நிறுத்தினால் அவனுக்கு வித்தியாசம் தெரியுமா?"

கதவுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அது வாஸ்தவம். புதுச்சேரியில மேடையில கட்டிப் பிடிச்சவங்க, என் பக்கம் வந்ததும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டாங்க. அந்தம்மா செருப்பைக் கழட்டித் தேடும். அந்தாளு தண்ணி கேப்பான்."

"இன்னொன்று. இந்தக் குழப்பம் மொத்தமும் 'நான் சமையல்காரன் இல்லை, உங்கள் பெண்ணை விரும்புகிறேன்' என்று முதல் ரீலில் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்."

"அப்படிச் சொல்லிட்டா அது படம் இல்லம்மா, மனு."

இப்படி விளக்கு அணையும்வரை வாதாடுவோம். அவருடைய கேள்விகள் வாரத்துக்கு வாரம் கூர்மையாகிக்கொண்டு வந்தன. ஊரில் ஒருத்தியாவது விஷயம் தெரிந்து பேசுகிறாள் என்று அவர் நினைப்பதாக எனக்கு உள்ளூரப் பெருமை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடட்டும். பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், மேடையில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் கதவுக்காரரின் முதல் விதி. நான் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் வசந்தா சோடா குடிக்கப் போவதாகச் சொல்லிப் போய்த் திரைக்குப் பின்னால் அவருடைய பெஞ்சில் உட்கார்ந்து தன் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சொந்தப் புருஷனோடு எதற்கு ஒளிந்து பேச வேண்டும்? எங்கள் எல்லைப்புறத்து வாழ்க்கை அப்படி. புத்தூர், நகரி எல்லாம் எந்த ராஜ்யத்துக்கு என்று பெரியவர்கள் எங்கேயோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதை இரண்டு பஞ்சாங்கங்கள் தீர்மானித்தன. மாப்பிள்ளை தாமோதரனுக்குச் சித்தூரில் சர்க்கார் ஆபீசில் வேலை. அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், பார்ப்பது தெலுங்குப் பஞ்சாங்கம். ஆஷாட மாதத்தில் புது மருமகளும் மாமியாரும் ஒரே வாசற்படியைத் தாண்டக் கூடாது, மாப்பிள்ளை மாமனார் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் ஆஷாடம் பிறந்ததும் வசந்தாவை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அது முடிவதற்குள் எங்கள் பஞ்சாங்கத்தில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுப்பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆடிப் பண்டிகைக்கு மாப்பிள்ளையை விருந்துக்கு அழை என்றது எங்கள் பஞ்சாங்கம். போகாதே என்றது அவர்களுடையது. ஒரு மாதப் பிரிவை இரண்டு வழக்கமும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு மாதமாக்கிவிட்டன.

நான் படித்தவள். இதையெல்லாம் நம்பவில்லை. ஆனால் மீறப் பயம். ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்கு நம்பிக்கை வந்துவிடும் அல்லவா?

தாமோதரன் ஒரு சனிக்கிழமை சித்தூர் பஸ்ஸில் வந்து, கொட்டகைக்கு வெளியே துணியைத் தூக்கிப் பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார். கதவுக்காரர் காலரைப் பிடித்துவிட்டார்.

"பொம்பளைங்க பக்கம் இன்னா பார்வை?"

"எம் பொண்டாட்டியப் பாக்கறேங்க."

"அதுக்கு எதுக்குத் துணியத் தூக்கற? கதவு இல்ல?" என்று கேட்டு, முழுக் கதையையும் வாங்கியிருக்கிறார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டதாம். "வாசற்படியத் தாண்டக் கூடாது, அவ்ளோதானே? இது மாமனார் வூடு இல்ல. அதுவும் இல்லாம அந்தப் பொண்ணு ரெண்டாவது கதவுப் படியத் தாண்டட்டும், நீ நாலாவதைத் தாண்டு. எந்தச் சாஸ்திரி வந்து கேப்பான்?" இத்தனை வருஷம் காத்திருந்த நாலாவது கதவுக்கு வேலை வந்துவிட்டது.

தாமோதரன் தன் அம்மாவிடம், சனிக்கிழமை தோறும் திருமலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவிப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்குச் சாட்சியாக லட்டு வேண்டும். அதற்கும் கதவுக்காரர் வழி செய்தார். திருப்பதியிலிருந்து படப்பெட்டி கொண்டுவரும் பஸ் கண்டக்டர் லட்டும் கொண்டுவந்தார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆடி அமாவாசை கழிந்திருந்தது. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அமாவாசையோடு ஆஷாடம் முடிந்துவிட்டது. எங்களுக்கு ஆடி இன்னும் பாக்கி. வழக்கமாக இடைவேளையில் சோடாவுக்குப் போகும் வசந்தா அன்றைக்கு முதல் ரீலிலேயே எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தேன். திரையில் வைத்தியர் அலமாரிக்குள் புகுந்தார். கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து பெண்கள் கதவுக்குப் போனேன். கதவுக்காரர் குறுக்கே நின்றார்.

"எங்க எழுந்துட்டீங்க? கட்டில் சீன் வருது. அடியில மூணு பேரு."

"வசந்தாவைக் காணோம்."

"இங்கதான் எங்கியாவது..." என்றார். எதையும் பாதியில் விடாத மனிதர் அதைப் பாதியில் விட்டார்.

அப்போது டிக்கெட் சன்னலில் ஒரு குரல் கேட்டது. "ஏமய்யா, டீச்சரம்மா உள்ள இருக்காங்களா? சித்தூர்லேர்ந்து வந்துக்கினு இருக்கேன். வூடு பூட்டிக்கினு இருக்குது."

என் சம்பந்தியம்மாள். கையில் கூடை. கூடையில் புதுப்புடவை, வளையல், ஒரு பந்து மல்லிகை.

"வாங்க வதினா," என்றேன். அவர்கள் வழக்கப்படி நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வதினா, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ஆஷாடம் முடிஞ்சிபோச்சி வதினா. மருமவளக் கூட்டிக்கினு போவலாம்னு வந்தேன். எங்க அவ?"

"உள்ளே படம் பார்க்கிறாள்."

"சரேலே. நானும் உள்ள வந்து அவ பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"இல்லை, தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள்."

"வூடு பூட்டிக்கினு இருக்குதுன்னு இப்பதானே சொன்னேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்காரர் உதவிக்கு வந்தார். "சோடா குடிக்கப் போயிருக்காங்கம்மா."

சம்பந்தியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "ஒரே பொண்ணு உள்ளயும் இருக்கா, வூட்லயும் இருக்கா, சோடாக் கடையிலயும் இருக்கா. எத்தினி பேரை எம் புள்ளைக்குக் கட்டி வெச்சீங்க வதினா?"

ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் தீர்ந்தது என்று வாரா வாரம் வாதாடியவள் நான். அரை நிமிஷத்தில் இரண்டு பொய் சொல்லி மூன்றாவதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களில் ஓடுகிறவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பயந்தவர்கள்.

"எம் புள்ள பொண்டாட்டி நல்லா இருக்கணும்னு சனிக்கிழமை தவறாம மலையேறிக்கினு இருக்கான். இங்க இன்னா நடக்குது?" என்றாள் அவள். கதவுக்காரர் இருமினார். என் முழங்கையைத் தொட்டு ஓரமாகக் கூப்பிட்டு, "திரைக்குப் பின்னால இருக்காங்க. ரெண்டு பேரும். நாந்தான் வெச்சேன்," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வாரா வாரம் கூர்மையான கேள்விகள் எதற்காக வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. திட்ட நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. பெண் இருக்கிறாள். கட்டின புருஷனோடு இருக்கிறாள். நான் ஓடினேன். சம்பந்தியம்மாள் கூடையோடு பின்னால் வந்தாள்.

சார்ப்பில் யாரும் இல்லை.

பெஞ்சு காலியாக இருந்தது. அதன்மேல் பூ மடித்து வந்த ஒரு வாழையிலைத் துண்டு, நாரோடு. தலைக்கு மேலே, இடம் வலம் மாறிய ராட்சத முகங்கள் எதற்கோ அலறிக்கொண்டிருந்தன. துணிக்கு அந்தப் பக்கம் முன்னூறு பேர் சிரித்தார்கள். நாலாவது கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாம இந்தக் கதவுல யாரும் போனதில்ல," என்றார் கதவுக்காரர். அவர் குரல் சின்னதாகிவிட்டது.

வெளியே சோடாக் கடைக்காரர், ஒரு ஜோடி ஜட்காவில் ஏறிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். ஸ்டேஷன் பக்கமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஸ்டேஷன்ல இன்னா இருக்குது? எல்லைத் தகராறுக்கு நகரியாண்ட ரயிலை மறிச்சிக்கினு இருக்காங்க. போலீஸ் வந்துடுச்சாம்," என்றார். மறித்த ரயில், கூட்டம், தடி, இருட்டு, நடுவில் என் பெண். என் மனசு எப்போதும் ஓட்டுகிற படம்தான். இந்தத் தடவை அதை நிறுத்தும் கை என்னிடம் இல்லை.

சம்பந்தியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "கட்டின பொண்டாட்டிய இழுத்துக்கினு ஓடற புள்ளைய எங்கியாவது பாத்திருக்கீங்களா வதினா?" என்றாள். கேலியாக ஆரம்பித்தவள் முடிக்கும்போது கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கதவுக்காரர் சோடாக் கடைக்காரரின் சைக்கிளைக் கேட்காமலே எடுத்தார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கொட்டகையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. நாலு கதவும் திறந்தபடி கிடந்தன. வெளியே நின்ற கூட்டம் தட்டாமல் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் சம்பந்தியம்மாளும் வீட்டுக்கு வந்தோம். வேறு எங்கே போவது? வந்தால் இங்கேதானே வர வேண்டும். விளக்கை ஏற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இருவரும் எழுந்திருப்போம். சத்தம் கடந்து போகும். உட்காருவோம்.

"வதினா, நான் சொன்னது அத்தனையும் பொய்," என்றேன்.

"தெரியும் உக்காருங்க," என்றாள்.

அந்த வகைப் படங்களில் எனக்குப் பட்ட குறை என்ன என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. குறை பங்களாவும் மாடிப்படியும் அல்ல. அந்தப் படங்கள் ஓடுகிறவர்களோடேயே ஓடுகின்றன. வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. பெற்றவர்களுக்கு அதில் இரண்டே வேலை. நடுவில் ஏமாற வேண்டும், கடைசியில் சிரித்து மன்னிக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையில் அவர்கள் எங்கே இருந்தார்கள், தண்ணீர் குடித்தார்களா என்று எந்தப் படமும் காட்டியதில்லை. காட்டினால் சிரிக்க முடியாது.

அந்தச் சமயத்தில் சம்பந்தியம்மாள் கூடையிலிருந்து மல்லிகைப் பந்தை எடுத்து அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். "வாடிடும்," என்றாள். அதைப் பார்த்து நான் அழுதேன்.

ஒருவழியாக வாசலில் ஒரு ஜட்கா நின்றது. முதலில் தாமோதரன் இறங்கினார். பிறகு வசந்தா. நெற்றியில் குங்குமம், தலையில் துளசி, முகத்தில் திருடின களை.

"இடைவேளைக்குள்ள வந்துடலாம்னு நெனச்சோம்மா," என்றாள். "குதிரை பாதி வழியில நின்னுடுச்சி. எறங்கித் தள்ளினோம்."

"எங்கேடி போனீங்க?"

"நாராயணவனம் கோயிலுக்கு."

தாமோதரன் தன் அம்மா முன்னால் போய் நின்றார். "அம்மா, நான் ஒரு சனிக்கிழமையும் மலையேறல. இவளைப் பாக்கத்தான் இங்க வந்துக்கினு இருந்தேன். பெருமாள் பேரைச் சொல்லிச் சொல்லிப் பொய் சொல்றது ஒரு மாதிரி ஆயிடுச்சி. இன்னிக்கு ஒரு நாளாவது போய் நிக்கலாம்னு இவதான் சொன்னா. மலைக்குப் போய்த் திரும்ப நேரம் இல்ல. நாராயணவனத்துப் பெருமாளும் அவரே தானே, அங்கயே கல்யாணக் கோலத்துல நிக்கறாரு."

சம்பந்தியம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். "லட்டு?"

"பஸ் கண்டக்டர் கொண்டாந்து குடுத்தாரு."

"அதான் வாரா வாரம் நசுங்கியே இருந்துது," என்றாள்.

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை. நான்தான் கடைசி. சிரித்து முடித்ததும் வசந்தாவின் முதுகில் ஒரு அடி வைத்தேன். பிறகு அதே இடத்தைத் தடவிக் கொடுத்தேன். சம்பந்தியம்மாள் மருமகள் தலையில் மல்லிகையைச் சுற்றினாள்.

"வதினா, உங்க ஆடி இன்னும் முடியலியே. எப்ப அனுப்பறீங்க?" என்றாள்.

"காலையில் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். இவள் எங்கேயாவது ஓர் இடத்தில் இருந்தால் போதும் எனக்கு."

அடுப்பு மூட்டி உப்புமா கிளறினேன். நாலு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். தாமோதரன் ஜட்காக் குதிரை எப்படி நின்றது என்று நடித்துக் காட்டினார். ஒருவருக்கும் வேறு யாருடைய நினைவும் வரவில்லை. இப்போது எழுதும்போது அதுதான் எனக்குச் சுருக்கென்கிறது.

தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தபோது வெளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போலத் தெரிந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். கதவுக்காரர். சட்டை தோளில் கிழிந்திருந்தது. காலில் ஒரு செருப்புதான் இருந்தது. சைக்கிள் சங்கிலி அறுந்து கையில் தொங்கியது. நகரிப் பாதையில் போய், மறித்து வைத்திருந்த ரயிலில் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி, அத்தனை ஜனத்தின் முகத்தையும் பார்த்திருக்கிறார். கூட்டத்தில் யாரோ தள்ளிவிட்டதில் விழுந்திருக்கிறார். இதெல்லாம் மறுநாள் ஸ்டேஷனில் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"உள்ளே வாங்க. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்," என்றேன். தலையை ஆட்டினார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை. என்னைத் தாண்டிக் கூடத்து வெளிச்சத்தைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்:

"பாப்பா வந்துடுச்சின்னு ஜட்கா ஸ்டாண்டுல சொன்னாங்க டீச்சரம்மா. ஒரே ஒரு தரம் கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."